அந்தப் புழுவுக்கு நாக்கு இருந்தது

என்.எஸ்.எஸ். கேம்ப் கிளம்புற மக்களே, மூட்டை கட்டியாச்சா? ஏழு நாள், ஒரு கிராமம், ஸ்கூல் வராந்தாவுல படுக்கை, ராத்திரி முழுக்க அரட்டை. எல்லாம் சரி. நடுவுல 'சாயங்காலம் ஊர்ப் பசங்களுக்குப் பாடம் எடுக்குறது'ன்னு ஒரு அயிட்டம் வரும் பாருங்க, அப்ப மட்டும் எல்லாருக்கும் திடீர்னு தலைவலி வந்துடும். கடைசியில எவனாவது ஒருத்தன் தலையில கட்டுவாங்க. எங்க பேட்ச்ல அந்த அப்பாவி நான்தான். காரணம், நான் ஜுவாலஜி.

எங்க கேம்ப் கடமலைக்குண்டு பக்கம். தேனியில இருந்து கண்டமனூர் தாண்டி வருசநாடு போற ரோடு. சுத்தி மலை, தென்னந்தோப்பு, இலவ மரம், பக்கத்துல மூல வைகை. நாலாவது, அஞ்சாவது படிக்கிற பசங்க முப்பது பேர் வந்து உக்காந்தாங்க. முதுகெலும்பு உள்ளவை, முதுகெலும்பு இல்லாதவை. இதைவிட ஈஸியான பாடம் உலகத்துல உண்டா? போர்டுல நடுவுல ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் சிங்கம், அந்தப் பக்கம் ஆக்டோபஸ்னு எழுதினேன். ஒரு வாண்டு எந்திரிச்சு, "அண்ணே, ஆக்டோபஸுன்னா என்னண்ணே?"ன்னான். கடலையே பாக்காத ஊர்ல கடல்ல இருக்குறதை எழுதின என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல! அழிச்சிட்டு, "நீங்களே சொல்லுங்கப்பா"ன்னேன்.

முதல் சிக்கல் ஆமை. நத்தைக்குப் பக்கத்துல, எலும்பில்லாத கட்டத்துல போடச் சொன்னாங்க. "ரெண்டும் வீட்டை முதுகுல தூக்கிட்டுத்தானே அலையுது?" லாஜிக் பக்கா. ஆனா நத்தையோட கூடு சுண்ணாம்புச் சத்தால ஆனது. உள்ள ஒரு எலும்பும் கிடையாது. ஆமைக்கு முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து இறுகித்தான் அந்த மேல் ஓடே உருவாகுது. கார்ட்டூன்ல காட்டுற மாதிரி ஆமை ஓட்டைக் கழட்டி வச்சிட்டு குளிக்கப் போக முடியாது. நம்ம விலா எலும்பைக் கழட்டி கொடியில மாட்ட முடியுமா என்ன?

அடுத்தது பாம்பு. இப்படி வளையுறதுக்கு எலும்பு எப்படி இருக்கும்னு பாதி கிளாஸ் சண்டைக்கு வந்துச்சு. வாசல்ல நின்ன சைக்கிள் செயினைக் காட்டினேன். அது வளையுறது இரும்பு இல்லாததால இல்ல, சின்னச் சின்னக் கண்ணியா நிறைய இருக்குறதால. நம்ம முதுகுல பிறக்கும்போது 33 முள்ளெலும்பு. பெரிய பாம்புகள்ல அது 200, 300ன்னு போகும். பசங்க கப்சிப்.

அப்பத்தான் முன்வரிசைப் பொண்ணு ஒருத்தி சொன்னா: "தின்னு முடிச்சா தெரிஞ்சுரும்ணே." கெண்டை மீன் தின்னா தட்டுல நடுமுள்ளு மிஞ்சும். கோழின்னா கழுத்தெலும்பு மிஞ்சும். வயல் நண்டு தின்னா ஓடுதான் மிஞ்சும், நடுவுல ஒண்ணும் இருக்காது. எலும்பு உள்ள இருக்குறது ஒரு ரகம், கவசம் வெளிய இருக்குறது இன்னொரு ரகம். எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு இது மண்டையில ஏற. அவளுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு போதுமா இருந்துச்சு.

நல்லா போயிட்டிருந்த கிளாஸ்ல மண்ணைப் போட்டது நான்தான். முந்தின நாள் மழை. ஒரு பையன் தேங்காய்ச் சிரட்டையில கறுப்பா, பளபளன்னு, ஒரு சாண்கூட இல்லாத ஒண்ணைக் கொண்டாந்தான். நான் எட்டிக்கூடப் பாக்கல. "மண்புழு. எழுதுங்க, முதுகெலும்பு இல்லாதது." அவன், "இல்லண்ணே, இது பாம்பு. நாக்கு நீட்டுது"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவன் விடல. போர்டுக்குப் போய், முதுகெலும்பு உள்ளவை கட்டத்துல 'குட்டிப் பாம்பு'ன்னு எழுதினான். நான் துணியை எடுத்து அழிச்சேன்.

காலேஜுக்குத் திரும்பி, லைப்ரரியில வேற எதையோ தேடும்போது அந்தப் படம் கண்ணுல பட்டுச்சு. புழுப்பாம்பு. அசல் பாம்பு, விஷம் கிடையாது. மண்ணுக்குள்ள இருந்துட்டு எறும்பு, கரையான் முட்டைகளைத் தின்னு வாழுது. கண்ணு ரெண்டும் செதிலுக்கு அடியில புள்ளி மாதிரி இருக்கும். இதுல ஆணே கிடையாது, எல்லாமே பெண். துணை இல்லாமலே முட்டை போடும். பூந்தொட்டி மண்ணோட கப்பலேறி உலகம் பூரா பரவின பாம்பு இது. மண்புழுன்னா உடம்பு ஈரமா, வளையம் வளையமா இருக்கும். இது காய்ஞ்சு, செதிலோட வழுவழுன்னு இருக்கும். அப்புறம் அந்த நாக்கு. மண்புழு நாக்கு நீட்டாது பாஸ்!

என்னை நானே சமாதானம் பண்ணிக்க ஒரு ஆள் கிடைச்சார், லின்னேயஸ். உயிரினங்களுக்கெல்லாம் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த அதே ஸ்வீடன் நாட்டுக்காரர். 1758ல வந்த அவரோட புத்தகத்துல, ஹேக்ஃபிஷ்னு ஒரு தாடையில்லாத மீனைப் புழு லிஸ்ட்ல சேர்த்திருக்கார். அவர்கிட்ட எலும்பில்லாத ஜீவன்களுக்கு மொத்தமே ரெண்டு பெட்டிதான்: பூச்சி, புழு. நத்தை, நட்சத்திர மீன் எல்லாம் புழுப் பெட்டியில. பாரிஸ் மியூசியத்துல 1793ல இந்தப் 'பூச்சி, புழு' வேலை லமார்க் கைக்கு வந்துச்சு. அதுவரை செடிகொடி பாத்துட்டிருந்தவர், வயசு அம்பதை நெருங்கிட்டிருந்துச்சு. அவர்தான் உக்காந்து பிரிச்சு, முதுகெலும்பு இல்லாதவைன்னு பேரும் வச்சு, 1801ல புத்தகம் போட்டார்.

நம்மாளுங்க என்ன பண்ணினாங்கன்னு கேப்பீங்களே? தொல்காப்பியம் மரபியல் எலும்பைப் பாக்கல, அறிவை எண்ணுச்சு. நத்தைக்கு ரெண்டறிவு. கரையானுக்கும் எறும்புக்கும் மூணு. நண்டுக்கும் தும்பிக்கும் நாலு. விலங்குக்கு அஞ்சு. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் சொன்ன உதாரணத்துல ஒண்ணுக்காவது முதுகெலும்பு இருக்கா பாருங்க! தமிழ் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.

இந்தப் பாடத்துல எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. உலகத்துல இருக்குற விலங்கு இனங்கள்ல நூத்துக்கு 95க்கு மேல முதுகெலும்பு இல்லாதவைதான். தேளும் அட்டையும் சிப்பியும் ஒண்ணுக்கொண்ணு எந்த ஒட்டும் உறவும் இல்லாம, 'இல்லாதவை'ன்னு ஒரே கட்டத்துல கிடக்குது. நம்மகிட்ட இருக்குறது அதுங்ககிட்ட இல்லைங்கறதுக்காக இப்படி ஒரு பேர். அஞ்சாவது படிக்கிற பையனுக்கு முதல் படியா இது போதும்தான். ஆனா அந்தக் கட்டத்துக்குள்ள இன்னும் எத்தனை கட்டம் இருக்குன்னு ஒரு வார்த்தையாவது சொல்லிட்டு வரலாம்.

அந்தப் பையனுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஏழாவது நாள் பஸ் ஏறிட்டோம். அவன் பேரைக்கூடக் கேட்டு வச்சுக்கல.

கேம்ப் போறவங்க லேப்ல கேட்டு ஒரு கை லென்ஸ் வாங்கிட்டுப் போங்க. பாம்பு மாதிரி இருக்குற எதையும் பசங்களைக் கையால தூக்க விடாதீங்க, சிரட்டையிலேயே இருக்கட்டும். மேல லென்ஸைப் பிடிச்சு, வளையமா செதிலான்னு அவங்களே பாத்துச் சொல்லட்டும். ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட மறந்துடாதீங்க, இல்லேன்னா லென்ஸுக்கு ஃபைன் கட்டணும்.