பக்கத்துப் பள்ளி இருக்கப் படகேறச் சொல்வதேன்?

"இடமில்லை" என்று சொல்லும் தகுதியைத் தீவகத்துப் பாடசாலைகள் இழந்து நெடுங்காலமாயிற்று. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வோடு ஊரைவிட்டுப் போனவர்களுட் பலர் திரும்பவில்லை. அவர்தம் பிள்ளைகள் யாழ்நகரிலும் கொழும்பிலும் கனடாவிலும் படித்து முடித்துவிட்டனர். ஊரிலோ வாங்குகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. பிள்ளைத்தொகை குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவார்களென அஞ்சிப் பழைய மாணவர் மகஜர் எழுதுகின்றனர். இத்தகைய ஊரிலே, டவுன் சின்ட்ரோம் உடைய பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் அதிபர் முன் நின்றதும், அவ்வெறும் வாங்குகளெல்லாம் எங்ஙனமோ நிரம்பிவிடுகின்றன! இஃதென்ன மாயம்?

சட்ட ஆலோசனைக்காக எம்மிடம் வந்த தாயொருவர் பெற்ற மறுமொழி இது: "அம்மா, இந்தப் பிள்ளைக்கு இங்கை படிப்பிக்க ஏலாது. ரவுணிலை விசேட பள்ளிக்கூடம் இருக்குது, அங்கை கொண்டுபோங்கோ." மரியாதையாகவே சொன்னார்களாம்.

நெடுந்தீவிலிருந்து "அங்கை கொண்டுபோவது" எப்படியென்பதை அறியாதார் அறிக. விடியுமுன் பிள்ளையை எழுப்பி, மாவிலித்துறையிற் படகேறி, ஒரு மணி நேரமளவு கடலில் ஆடிக் குறிகட்டுவானில் இறங்கவேண்டும். பின்னர் புங்குடுதீவும் வேலணையும் கடந்து பேருந்தில் யாழ்நகர் சேரவேண்டும். கோண்டாவிலிலுள்ள சிவபூமிப் பாடசாலைக்குச் செல்வதாயின் இன்னொரு பேருந்து. மாலைப் படகு போய்விட்டால் இரவு தங்க உறவினர் வீடு தேடவேண்டும். கடல் கொந்தளித்தாற் படகே இல்லை. இதனை ஐந்து வயதுப் பிள்ளை நாள்தோறும் செய்யவேண்டுமாம்! சிவபூமியின் தொண்டுக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆனால், கோண்டாவிலில் ஒருவர் கதவைத் திறந்துவைத்திருக்கிறார் என்பது, தீவகத்தில் மற்றொருவர் கதவைச் சாத்துவதற்கு நியாயமாகுமா?

இப்பிள்ளை யார்? 1866இல் ஆங்கிலேய வைத்தியர் ஜோன் லாங்டன் டவுன் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். காரணம் 1959இற்றான் வெளியாயிற்று. பிரான்சிலே லெஜேனும் அவருடன் பணியாற்றிய மார்த் கோத்தியே அம்மையாரும் பிறரும் இப்பிள்ளைகளின் கலங்களில் நாற்பத்தாறு நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக நாற்பத்தேழு இருப்பதைக் கண்டனர். இருபத்தோராம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று, அவ்வளவே. கிரகண வேளையில் தாய் வெளியே சென்றதும் காரணமன்று, முன்வினையுமன்று, தகப்பன் வழியில் எவரோ இட்ட சாபமுமன்று. தாயின் வயது ஏற ஏற இது நேரும் வாய்ப்புக் கூடுகின்றதாயினும், இளந்தாய்மாருக்கும் இத்தகைய பிள்ளைகள் பிறக்கின்றனர். மிகப்பெரும்பாலும் இது வழிவழியாக வருவதுமன்று. இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. மூத்தவளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர் கண்ணிற் படாதபடி இளையவனைப் பின்னறையிற் பூட்டிவைக்கும் வீடுகள் எம்மிடையே உள்ளன. இரத்தத்திற் குறையென்று கலியாணத்தைக் குழப்புவோருக்கு, குறை தம் அறிவிலேதான் என்று முகத்துக்கு நேரே சொல்ல ஊரில் எவருமில்லையா?

இப்பிள்ளைகளை முன்னர் "மொங்கோல்" என்றனர். ஓர் இனத்தின் பெயரை ஒரு குறையின் பெயராக்குவது அடாதென மொங்கோலியா எடுத்துரைத்ததன் பேரில், உலக சுகாதார நிறுவனம் 1965இல் அப்பெயரைக் கைவிட்டது. எம் ஊரிலோ அச்சொல் இன்னும் ஒழியவில்லை. தம் இனப்பெயர் இழிவுபடுவதைப் பொறாத தமிழர், பிறர் இனப்பெயரை வசைச்சொல்லாக வழங்குவது எந்த நாகரிகம்?

இவர்களிற் பாதிப்பேர் அளவில் இருதயக் குறையுடன் பிறக்கின்றனர். செவிப்புலனையும் தைரொயிட்டுச் சுரப்பியையும் காலந்தோறும் சோதித்துவரல் வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன் மேனாடுகளிலேயே இவர்களின் சராசரி ஆயுள் பத்தாண்டளவே. இன்று அங்கே அறுபதாண்டை எட்டுகின்றது. நிறமூர்த்தம் மாறிற்றா? இல்லை. இருதயச் சத்திரசிகிச்சை வந்தது; பெரு விடுதிகளில் அடைத்துவைக்கும் வழக்கம் ஒழிந்தது; வீட்டிலும் பள்ளியிலும் மற்றப் பிள்ளைகளோடு வளர்ந்தனர். மாறியவர்கள் சூழ நின்றவர்களே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்திற் சேர்ப்பதில் எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அதனை மீறினால் 24ஆம் பிரிவின்படி மாகாண மேல் நீதிமன்றில் மனுச்செய்யலாம். குறை பிறவியிலேயே அமைந்ததாயினும் இச்சட்டம் பொருந்தும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை, இவர்களைப் பொதுக்கல்வியினின்று ஒதுக்கலாகாதென்கிறது. அதே 2016இற்றான் கட்டாயக் கல்வியின் எல்லை பதினாறு வயதுவரை நீட்டப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத தந்தை குற்றவாளி. அனுப்பினால் அரசின் பள்ளியே திருப்பி அனுப்பும்! அரசியலமைப்பிலும் ஓட்டை உண்டு. 12ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி இனம், மதம், மொழி, சாதி முதலியவற்றால் பாரபட்சம் கூடாதென எண்ணிச் சொல்கிறது. இயலாமையை அங்கே எண்ணவில்லை. பாராளுமன்றிலிருக்கும் எம்மவர் இத்திருத்தத்தைக் கேட்கத் தடையென்ன?

ஆசிரியருக்குப் பயிற்சியில்லை என்பார்கள். மெய்தான். பயிற்சியைக் கேட்கவேண்டியவர் அதிபரும் தீவக வலயக் கல்விப் பணிமனையுமேயன்றி, மீன்பிடித் தொழிலாளியின் மனைவியல்லள். மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும், புலமைப்பரிசிற் பெறுபேறு குறையும் என்பார்கள். ஐந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலுமா? எழுத்துக்கூட்டத் தாமதிக்கும் தோழனுக்காகச் சற்றுப் பொறுத்திருக்கப் பிள்ளைகள் தாமாகவே பழகிக்கொள்வர். அது துண்டுப்பிரசுரத்தால் வருவதன்று; ஒரே வாங்கில் இருப்பதால் வருவது. பழகத் தெரியாதவர் படலைக்கு வெளியே நின்று முறைப்பாடு செய்யும் பெரியவர்களே.

1956இல் எம் மொழி வேறென்பதற்காக வாசலில் நிறுத்தப்பட்டோம் நாம். அந்த வாசலின் வெப்பம் எமக்குத் தெரியும். கொழும்பிடம் சமத்துவம் கேட்கும் அதே வாயால், எம் பிள்ளையொன்றைப் பார்த்து "நீ வேறு, உனக்கு வேறிடம்" என்று எவ்வாறு சொல்கிறோம்?

பெற்றோருக்கு ஒரு சொல். வாய்மொழியாகச் சொல்லும் "ஏலாது" என்பதோடு திரும்பாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்திற் கொடுத்து, மறுப்பையும் காரணத்தையும் அதிபரின் ஒப்பத்துடன் எழுத்திற் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் திகதியையும் உடனிருந்த சாட்சியையும் குறித்துக்கொண்டு, அன்றே வலயப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் முறையிடுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அக்கடதாசிகளுடன் எம்மிடம் வாருங்கள். மேல் நீதிமன்ற மனுவை நாம் கட்டணமின்றி வரைந்து தருவோம்.