அசுரன் என்றால் தீயவனா?

தீபாவளிக் காலத்தில் பள்ளிகளில் நரகாசுரன் நாடகம் மேடையேறுகிறது. சில இடங்களில் நிறம் கறுத்த மாணவனையே தேடிப் பிடித்து, முகத்தில் மேலும் கரி பூசி அசுரனாக்குகின்றனர். சொற்பொருள் பட்டியலிலோ 'அசுரன் - தீயவன்' என்று எழுதிப்போடுகின்றனர். இவ்விரண்டும் தவறு என்பதே என் கருத்து.

'அசுரன்' என்பது தொடக்கத்தில் வசைச்சொல் அன்று. இருக்கு வேதத்தில் வருணனும் அக்கினியும் அச்சொல்லால் போற்றப்படுகின்றனர். ஆற்றல் மிக்க தலைவன் என்பதே அங்கு அதன் பொருள். தேவர்களின் பகைவர் என்னும் பொருள் பின்னரே நிலைபெற்றது.

புராணங்களில் அது குலப்பெயர். காசியபருக்குத் திதியிடம் பிறந்தோர் தைத்தியர்; தனுவிடம் பிறந்தோர் தானவர். இராவணனோ அசுரன் அல்லன்; புலத்தியர் வழிவந்த அரக்கன். அறத்தின் பக்கம் நின்ற வீடணனும் அரக்கனே. பக்தியிற் சிறந்த பிரகலாதனும், கொடையிற் சிறந்த மாவலியும் அசுரர்களே. அவ்வாறாயின் தீயது குலமா, ஆணவமா?

தைப்பூசத்தன்று நம் பிள்ளைகள் கைகூப்பி வணங்கும் மயிலும் சேவலும் கந்தபுராணத்தின்படி யார்? சூரபதுமனே அல்லவா! முருகன் அவனை அழித்தொழிக்கவில்லை, ஆட்கொண்டான்.

இன்றும் 'அசுர வேகம்', 'இராட்சத அலை' என்கிறோம். மலாய் மொழியிலும் 'ரக்சாசா' என்றால் மிகப் பெரியது என்று பொருள். அங்கெல்லாம் வலிமையும் பருமையுமே குறிக்கப்படுகின்றன, தீமையன்று.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர்களே! நரகாசுரன் ஏன் வீழ்ந்தான் என்று பிள்ளை கேட்டால், அவன் செய்த கொடுமைகளைச் சொல்லுங்கள். பிறப்பையும் நிறத்தையும் காரணமாக்காதீர்கள். மேடையில் பூசிய கரியைக் கழுவிவிடலாம். பிஞ்சு மனத்தில் படிந்ததை எதைக்கொண்டு கழுவுவது?