புதிய தலையெழுத்து!

செஞ்சிக் கோட்டையைக் கண்டிருப்பீர்கள், தோழர்களே! இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். மூன்றையும் பிணைத்து நிற்கும் நெடுமதில். அந்த மதிலின் முன் மொகலாயப் படை ஏறத்தாழ எட்டாண்டுக் காலம் காத்துக் கிடந்தது. 1698இல்தான் உள்ளே நுழைந்தது. அதே கோட்டை 1750இல் பிரெஞ்சுப் படையின் ஓர் இரவுத் தாக்குதலில் வீழ்ந்தது! கல் மாறவில்லை, காவல் மாறிற்று. மதிலின் வலிமை மதிலில் இல்லை, அதை ஆளும் முறையில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்று கோட்டை கல்லால் எழவில்லை, தகவலால் எழுகிறது. நுழைவிசைவு, குடிநுழைவு, வெளிநாட்டவர் பதிவு மூன்றையும் ஒரே வலையில் கோக்கும் திட்டம் 2010இல் ஒப்புதல் பெற்றது. 2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பின் கருக்கொண்டது நாட்கிரிட். பல துறைகளின் ஏடுகளை உளவு அமைப்புகளின் கண்முன் ஒருங்கே விரிக்கும் இணைப்பகம் அது. குன்றுகளைப் பிணைத்தாயிற்று. திறவுகோல் யாரிடம்? கணக்குக் கேட்பவர் யார்?

நாட்கிரிட்டைப் பெற்றெடுத்தது நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமன்று, அமைச்சரவையின் முடிவு. 2011இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிடியிலிருந்தும் அதற்கு விலக்கு, ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் நீங்கலாக. தனிமை அடிப்படை உரிமையே என்று 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பைச் சொல்லித் தான் குறிக்கும் அரசு அமைப்புக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிலேயே கொடுத்தது. காவலனே கணக்கன், கணக்கனே தணிக்கையாளன்!

எமலோகத்தில் சித்திரகுப்தன் ஏடு வைத்திருக்கிறான், அதைப் பார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்றார்கள். நகைத்தோம். அந்த ஏடு இன்று கணிப்பொறிக்குள் குடியேறினால் நகைப்பதா, நடுங்குவதா?

வீண் அச்சம் என்பீரோ? கேளுங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். மண்டபம் முகாமில் 1986இல் இலங்கைத் தமிழர் குடும்பத்தில் ஒரு பெண் பிறந்தார். சட்டம் ‘குடிமகள்’ என்றது. ஏடு ‘ஏதிலி’ என்றது. வென்றது எது? ஏடுதான்! கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. சட்டத்தை ஏட்டுக்கு நினைவூட்ட 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எழுந்து பேச வேண்டியிருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள்!

தனித்த ஏட்டில் ஒரு சொல் பிழைத்தால் ஒரு வாசல் அடைபடும். ஏடுகள் இணைந்தபின் அதே பிழை எல்லா வாசலையும் அடைக்கும். செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே கீழ்ப்புத்துப்பட்டு முகாம் இருக்கிறது. அங்கே வாழ்வோரைக் கேளுங்கள், ஒரு பதிவேட்டுச் சொல்லின் பாரம் எவ்வளவென்று! வெளிநாட்டவர் அல்லர் என மெய்ப்பிக்கும் சுமையை 1946ஆம் ஆண்டுச் சட்டம் தனிமனிதர் தோளில் ஏற்றியது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதை இறக்கி வைக்கவில்லை.

‘எல்லைக்குக் காவலே வேண்டாமா?’ என்று சீறுவார்கள். வேண்டும்! காவலுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதே நம் வாதம். ஐரோப்பிய ஒன்றியமும் தன் எல்லை, குடிநுழைவு, காவல் ஏடுகளை இணைக்க 2019இல் விதி வகுத்தது. அங்கும் குறை கூறுவோர் உண்டு. ஆயினும் சட்டம் வெளிப்படை. மேற்பார்வைக்குத் தனி அதிகாரி. தன்னைப் பற்றிய பதிவைக் கேட்கவும் திருத்தவும் மனிதனுக்கு வழி உண்டு. இங்கே இவை வந்தால் இமயம் சரிந்துவிடுமா?

எனவே கேட்போம்: நாட்கிரிட்டுக்கு நாடாளுமன்றச் சட்டம். ஆட்சிக்குக் கட்டுப்படாத மேற்பார்வை ஆணையம். எவர், எப்போது, எதற்காக ஏட்டைத் திறந்தார் என்ற அழியாப் பதிவு. பிழை கண்டவனுக்குத் திருத்தும் உரிமை; திருத்தம் இணைந்த ஏடுகள் அனைத்துக்கும் சென்று சேரும் கடமை. செஞ்சித் தோழர்கள் ஆரணித் தொகுதி உறுப்பினரிடம் கேட்கட்டும். மற்றவர் தத்தம் தொகுதியில் கேட்கட்டும்.

‘தலையில் எழுதியிருக்கிறது’ என்றபோது, ‘எழுதியவன் யார், காட்டு!’ என்று கேட்டவர்கள் நாம். ‘கணிப்பொறியில் எழுதியிருக்கிறது’ என்றால் மட்டும் கைகட்டி நிற்பதோ?