போகும் கம்பனியும் இருக்கும் மக்களும்

ஒரு பெருங் கம்பனி ஓர் ஊருக்கு வரும்போது நாடா வெட்டப்படுகிறது, குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது, அமைச்சர் பேசுகிறார், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்ற கணக்கு மறுநாட் பத்திரிகையில் வெளிவருகிறது. அதே கம்பனி ஊரை விட்டுப் போகும்போது விளக்குமில்லை, பேச்சுமில்லை. வாயிலிலே பூட்டுத் தொங்குகிறது, அவ்வளவுதான். வருகைக்கு ஒப்பந்தம் எழுதுகின்ற நமது ஆட்சியாளர், போகைக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதி அதை மக்கள் முன் வைத்ததுண்டா? இக்கேள்வியை இன்று வன்னியிலே நின்று கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இன்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டில் வடமாகாணத்துக்கென அறிவிக்கப்பட்ட கைத்தொழில் வலயங்களுள் பரந்தனும் மாங்குளமும் வன்னி மண்ணிலே அமைபவை. தொழில் வேண்டாம் என்பவர்களல்லர் நாம். ஆனையிறவின் உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் ஆக்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் இந்நிலத்தின் பெருமையாக விளங்கியது. போர் அதனைத் தின்றது. அந்த அரசுடைமைத் தொழிற்சாலைக்கு இந்த மண்ணும் இந்த உப்பும் தேவைப்பட்டன. அதை அழிக்கலாம், ஆனால் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. தையல் இயந்திரமோ அத்தகையதன்று. அதனைப் பெட்டியிலே அடைத்துக் கப்பலேற்ற ஒரு கிழமை போதும்.

2009இல் போர் முடிந்தபின் வன்னிக்கு வந்த பெருந்தொழில் ஆடைத் தொழிலே. கிளிநொச்சியிலே மாஸ் நிறுவனத்தின் ‘விடியல்’, ‘வானவில்’ ஆகிய தொழிற்சாலைகளும், வவுனியாவிலே இத்தாலியக் குழுமமொன்றைச் சார்ந்த ஒமேகா லைனும் எழுந்தன. பெயர்களைக் கவனியுங்கள்! இருட்டிலிருந்து வந்த மக்களுக்கு விடியல் என்றும் மழையில் நனைந்த மக்களுக்கு வானவில் என்றும் பெயர் சூட்டத் தெரிந்தவர்கள், நமது மனத்தை அறிந்தவர்களே. கணவனை இழந்தவள், தகப்பன் காணாமற்போனவள், நுண்கடன்காரனுக்கு வாரந்தோறும் விடை சொல்ல வேண்டியவள் எல்லாரும் பொழுது புலருமுன் கம்பனி பஸ்ஸுக்காக ஒழுங்கை முகப்பிலே காத்து நிற்கிறார்கள். அந்தச் சம்பளம் வீட்டு உலையை எரிக்கிறது. அதனை நாம் மறுக்கவில்லை. இக்கம்பனிகள் நாளையே ஓடிவிடும் என்று சோதிடம் கூறவும் இல்லை. ஓடினால் என்ன செய்யப் போகிறோம் என்பதே நமது கேள்வி.

கம்பனி நமக்கு வேலை தந்தது என்பர். நாம் கம்பனிக்குத் தந்தது என்ன என்பதை எவரும் கூறுவதில்லை. வரிச் சலுகை பொதுமக்களின் பணம். தெருவும் மின்சாரமும் பொதுமக்களின் பணம். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரத்தின் முன் அமரும் அப்பெண்ணே பொதுமக்களின் முதலீடு. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி அவளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தது. அரச ஆஸ்பத்திரி அவளுக்குத் தடுப்பூசி ஏற்றியது. பதினொரு ஆண்டுகள் சமூகம் செலவிட்டு வளர்த்த கைகளைக் கம்பனி ஒரு சதமும் விலை கொடாமற் பெற்றுக்கொள்கிறது. கடன் பட்டவர் யார் என்பதைக் கணக்குப் படித்தவர்கள் சொல்லட்டும்.

கட்டுநாயக்காவிலே நடந்ததை நோக்குவோம். வன்னிப் பெண்களும் தொழில் தேடிச் செல்லுகின்ற இவ்வலயம் 1978இல் திறந்த பொருளாதாரத்தோடு பிறந்தது. 2025 மே மாதத்தில் பிரித்தானிய நெக்ஸ்ட் நிறுவனம் அங்கிருந்த தன் தொழிற்சாலையை மூடியது. 1,400க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். நடத்துஞ் செலவு கூடிவிட்டது என்பது கம்பனி கூறிய காரணம். சட்டம் கேட்பதற்கு மேலாகவே நட்டஈடு தருவதாகவும் அது கூறியது. இருக்கலாம். ஆனால் 2025 சனவரியோடு முடிந்த நிதியாண்டில் அந்நிறுவனம் ஈட்டிய, வரிக்கு முந்திய இலாபம் 100 கோடிப் பவுணுக்கு மேல்! நட்டத்தால் நொடித்தவன் கடையை மூடுவது ஒன்று. வரலாறு காணாத இலாபத்தின் நடுவே ஒரு தொழிற்சாலையைக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியாக அடித்துவிடுவது வேறொன்று.

இது வெள்ளைக்காரக் கம்பனிகளின் குணம் மாத்திரம் என்று எண்ணிவிடலாகாது. நமது நாட்டு மூலதனத்துக்கும் சிறகு முளைத்து நெடுநாளாயிற்று. பிரண்டிக்ஸ் விசாகப்பட்டினத்துக்கு அருகே அச்சுதாபுரத்தில் ஆடைநகர் அமைத்தது. ஹிர்தராமணி எதியோப்பியாவின் ஹவாசாவுக்குச் சென்றது. அமெரிக்கா 2022 சனவரியில் எதியோப்பியாவுக்கான வரிச் சலுகையை நீக்கியபோது ஹவாசாவின் தொழிலாளப் பெண்கள் தவித்தனர். அதே அமெரிக்கா 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்து, பின்னர் 20 வீதமாகக் குறைத்தபோது நமது பெண்கள் தவித்தனர். ஹவாசாவின் பெண்ணும் கிளிநொச்சியின் பெண்ணும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒருத்தியின் கூலியைக் காட்டியே மற்றவள் பயமுறுத்தப்படுகிறாள்.

வன்னிக்கு இது புதிய கதையன்று. மலையகத்திலே நூறாண்டுக்கு மேலாகக் கோப்பியிலும் தேயிலையிலும் இலாபம் எடுத்த பிரித்தானியக் கம்பனிகள், 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோது நட்டஈடு பெற்றுக்கொண்டு வெளியேறின. காட்டை மலையாக்கி, மலையைத் தோட்டமாக்கிய தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? காணியில்லை, 1948இற் பறித்த குடியுரிமையும் முழுமையாக மீளவில்லை. எழுபதுகளின் பஞ்சமும் 1977இன் இனவன்முறையும் துரத்த, அம்மக்களுள் ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறினர். அவர்களின் பேத்திமாரும் இன்று ஆடைத் தொழிற்சாலைகளிலே தைக்கின்றனர். பாட்டியின் காலத்தில் கம்பனிக்கு மாத்திரம் நட்டஈடு கிடைத்தது. பேத்தியின் காலத்திலும் அவ்வாறே நடக்க விடுவோமா?

“கடுமையான நிபந்தனை விதித்தால் எவனும் வரமாட்டான்” என்று நமக்குப் புத்தி புகட்டுவோர் உளர். நிபந்தனையின்றி வந்தவன் நிலைத்து நின்றானா என்று அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம். ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி; கடந்தபின் நீ யார், நான் யார் என்ற உறவுக்கு எழுத்திலே உறுதி வேண்டாமா? போராடினால் பயனில்லை என்பதும் பொய். 2021இல் தாய்லாந்தின் சமுத் பிராகானில் ஓர் உள்ளாடைத் தொழிற்சாலை மூடப்பட்டு 1,250க்கு மேற்பட்டோர் சட்டப்படியான நட்டஈடின்றித் தெருவுக்கு வந்தனர். அத்தொழிலாளர் ஓராண்டுக்கு மேல் விடாது போராடினர். 2022இல் அங்கே உடை தைப்பித்த விக்டோரியாஸ் சீக்ரெட் நிறுவனம் தொழிற்சாலை உரிமையாளருக்குக் கடன் கொடுத்து, ஏறத்தாழ 83 இலட்சம் டொலர் தொழிலாளர் கைக்குச் சேர வழிசெய்தது. கொள்வனவு செய்பவனும் கடமைப்பட்டவனே என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

நமது நாட்டிலும் வெறுங்கையோடு நிற்கவில்லை நாம். தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி ஆட்குறைப்புச் செய்யலாகாது என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். அதனைத் தளர்த்த வேண்டும் என்று முதலாளிமார் ஓயாது கேட்டுவருவதே அதன் பெறுமதிக்குச் சான்று. அதைக் காப்பது முதற் கடமை. அதற்கு மேலுஞ் செல்வது அடுத்த கடமை. பரந்தனிலும் மாங்குளத்திலும் காணி பெறும் எக்கம்பனியும், மூடும் நாளுக்குரிய நட்டஈட்டை இயங்கும் நாளிலேயே ஆண்டுதோறும் ஒரு பொது நிதியிற் கட்டிவர வேண்டும். மூடும் எண்ணத்தைப் பல மாதங்களுக்கு முன்னரே தொழிற்சங்கத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்க வேண்டும். காணியும் கட்டடமும் தொழிலாளரின் கூட்டுறவுக்கோ பிரதேச சபைக்கோ திரும்ப வேண்டும். இவையெல்லாம் தொழிற்சங்கம் இல்லாத இடத்தில் வெறுங் கடுதாசியாகிவிடும். ஆதலால் சங்கம் அமைக்கும் உரிமை முதல் நிபந்தனையாக எழுதப்படுதல் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் இதிலே ஒரு வேலை உண்டு. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி அந்தப் பஸ்ஸில் ஏறுகின்றவள் நேற்று உங்கள் வகுப்பிலே இருந்தவள். நியமனக் கடிதத்தை எப்படி வாசிப்பது, சேமலாப நிதிக் கணக்கு எங்கே இருக்கிறது, பணிக்கொடை எத்தனை ஆண்டில் கிடைக்கும், சங்கத்திற் சேர யாரைக் காண வேண்டும் என்பவற்றை அவளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் கற்பிக்கவில்லை. பள்ளிக்கூடம் முடிந்தபின் ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் போதும். வலயங்களின் ஒப்பந்தங்கள் முற்றாக எழுதி முடிக்கப்படுமுன் அந்த வகுப்புகள் தொடங்கட்டும். போகிறவனை மறித்து நிறுத்த நம்மால் இயலாது போகலாம். கணக்கைத் தீர்த்துவிட்டுப் போ என்று கேட்க இயலும். கேட்பதற்குப் பலர் வேண்டும்.