கணக்கில் இருக்கு, கல்லாவில் இல்லை!

மெஷின்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, வேலை செய்யாமல் படுத்துக்கொள்ளும். அதனால் பயமில்லை, மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவோம். இன்னொன்று, ரொம்பச் சுறுசுறுப்பாகத் தப்புத் தப்பாக வேலை செய்யும். ஆபீஸிலும் இந்த இரண்டாவது ரகம்தான் டேஞ்சர். (யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை ஸார்!)

வீட்டு மேஜை மேலேயே வைத்து மரத்தில் எழுத்து, பூ, பிள்ளையார் எல்லாம் குடைகிற குட்டி சிஎன்சி ரௌட்டர் இந்த இரண்டாவது ரகம். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ் என்று நகர்ந்து சுழலும் பிட்டால் செதுக்கித் தள்ளும். என் மச்சான் ஒன்று வாங்கியிருக்கிறான். அவன் கம்பெனியில் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. வாசலில் மாட்டுகிற பெயர்ப்பலகை செய்து விற்கலாம் என்று திட்டம். முதலீடு, என் மாமியாரின் இரட்டை வடச் சங்கிலி. அது இப்போது அடகுக் கடையில்.

முதல் ஆர்டர், ஆறு பலகை. ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். வியாழன் ராத்திரி போன்.

"அத்தான், 'இல்லம்'னு குடையச் சொன்னா மூணு எழுத்து ஒழுங்கா வருது. 'ம்' மட்டும் மாடிப்படி ஏறி நிக்குது. வித்தவங்களைக் கேட்டேன், கண்ட்ரோல் போர்டையே மாத்தணும்கறாங்க. ரெண்டு மாச வட்டிப் பணம் ஆகும் போல..."

"எதையும் வாங்கிடாதே மாப்ளே. நாளைக்கு வர்றேன்."

நான் பி.காம். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் இது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, அக்கவுண்டன்ஸி!

எப்படி என்கிறீர்களா? இந்த மெஷின்களில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு முழுச் சுற்றைப் பெரும்பாலும் 200 படிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு படிக்கு 1.8 டிகிரி. கம்ப்யூட்டர், 'ஆயிரம் படி போ' என்று உத்தரவு போடும். போனாயா என்று திரும்பக் கேட்காது. விலை குறைந்த வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் அப்படிக் கேட்கிற ஏற்பாடே கிடையாது. நடுவில் எது நழுவினாலும், 'போய்ச் சேர்ந்தாச்சு' என்று எழுதிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கும். கணக்கில் இருப்பு இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. அதற்காக ஆடிட்டர் புது நோட்டா வாங்கச் சொல்வார்? பணம் எந்தக் கையில் மாறியது என்று வரிசையாகப் பார்ப்பார்.

அதையே செய்தோம். முதலில் பிளக்கைப் பிடுங்கினோம். (விரல் பத்துதான்!) மோட்டார் தண்டையும் நீளத் திருகு கம்பியையும் இணைக்கிற கப்ளிங் மேல், இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு. மை? என் மனைவியின் நெயில் பாலிஷ். காய்ந்ததும், பிட்டைக் கழற்றி அந்த இடத்தில் பேனாவைக் கட்டி, கீழே பேப்பர் ஒட்டி, சுழல்கிற மோட்டாரை அணைத்துவிட்டு ஓடவிட்டோம். மரம் மிச்சம்.

மறுபடியும் 'ம்' மாடி ஏறியது. கோட்டைப் பார்த்தால், முன்-பின் நகர்த்துகிற மோட்டாரில் கோடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது! தண்டு சுற்றுகிறது, கப்ளிங் வழுக்குகிறது. குண்டுமணி சைஸ் கிரப் ஸ்க்ரூ ஒன்று லூஸ். பெட்டியோடு வந்த ஆலன் கீயால் இறுக்கினோம். செலவு பூஜ்யம்.

'ம்' கீழே இறங்கிவிட்டது. ஆனால் 'இ'யின் வளைவுகள் அங்கங்கே சப்பையாக இருந்தன. இது வேறு வியாதி. திருகு கம்பிக்கும் நட்டுக்கும் நடுவே தொளதொளப்பு. நேராகப் போகும்போது தெரியாது. திசை மாறும்போது கொஞ்சம் சும்மா சுற்றிவிட்டுத்தான் நகரும். ஒரு வட்டத்துக்கு நாலு இடத்தில் இப்படித் திசை மாறும். இங்கிலீஷ் 'எல்', 'டி' எல்லாம் தப்பித்துவிடும். நம் தமிழோ வளைவும் சுழியும்தான், உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ப்ரிங் வைத்த நட்டைச் சரிசெய்ததும் 'இ' தொப்பையோடு கம்பீரமாக உட்கார்ந்தது.

மற்ற நோய்களுக்கும் லட்சணம் உண்டு. போகப் போகப் பள்ளம் ஆழமாகிறதா? பிட்டைப் பிடிக்கிற காலெட்டில் மரத்தூள் புகுந்து பிட் இறங்குகிறதா என்று பாருங்கள். மரம் கருகுகிறதா? பிட் மழுங்கியிருக்கும், அல்லது ஒரே இடத்தில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் மோட்டார் படிகளை விட்டுவிடும். மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

சனி ராத்திரி ஆறு பலகையும் முடிந்தன. வந்த பணம் வட்டிக்கும் அடுத்த மரத்துக்கும் சரியாகப் போயிற்று. சங்கிலி இன்னும் உள்ளேதான். ஆனால் அடுத்த ஆர்டர் வந்திருக்கிறது.

ஆகவே நண்பர்களே, 'போர்டையே மாத்தணும்' என்று யாராவது சொன்னால், பர்ஸை எடுக்குமுன் நெயில் பாலிஷை எடுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்!