கட்டி அல்ல, துணி!

தீராத வயிற்றுவலி என்று ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ஸ்கேன் எடுக்கிறார்கள். "உள்ளே கட்டி இருக்கிறது" என்கிறார் டாக்டர். புற்றுநோயோ என்று வீடே கலங்குகிறது. ஆபரேஷன் செய்து பார்த்தால் கட்டி இல்லை. ரத்தத்தை ஒற்றி எடுக்க, முன்பு பிரசவ ஆபரேஷனில் வைத்த துணி!

இது கற்பனை என்று நினைக்காதீர்கள். உலகத்தின் பல பாகங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. மருத்துவ நூல்களில் இதற்கு 'காஸிபிபோமா' என்று தனிப் பெயரே உண்டு.

துணி எப்படிக் கட்டியாகிறது? பருத்தி உடம்பில் கரையாது. ஆகவே உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டிவிடுகிறது. சிலருக்குச் சில நாட்களிலேயே சீழ் பிடித்துக் காய்ச்சல் வரும். சிலருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் கையில் தட்டுப்படும். ஸ்கேனிலும் கட்டி போலவே தோன்றும்.

33 ஆண்டு வழக்கு

1963-ம் ஆண்டு ஜூலை மாதம். மராட்டிய மாநிலத்தில், அன்று அவுரங்காபாத் என்று பெயர் கொண்டிருந்த ஊர். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அடுத்து கருத்தடை ஆபரேஷன் நடந்தது. பிறகு காய்ச்சல்; பொறுக்க முடியாத வலி. மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே துணி! அதை எடுத்தும் அவள் பிழைக்கவில்லை.

குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டு 36,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. ஐகோர்ட்டு அதைத் தள்ளியது. 1996-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு, 'இது கவனக்குறைவே. அரசாங்கமே பொறுப்பு' என்று தீர்ப்புக் கூறியது.

எண்ணினால் போதுமா?

டாக்டர்கள் மீது மட்டும் பழி போடுவது சுலபம். ரத்தத்தில் நனைந்த துணி, குடலோடு ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. அவசர ஆபரேஷனில் இந்த ஆபத்து 9 மடங்கு என்று 2003-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி கூறுகிறது. இன்னொரு செய்தியும் அதில் உண்டு. துணிகளை எண்ணியும் தவறு நேர்ந்த ஆபரேஷன்களில், 100-க்கு 88-ல் 'கணக்கு சரி' என்றே நினைத்திருந்தார்கள்!

ஆகவே எண்ணுவது வெறும் சடங்காக இருக்கக் கூடாது. நோயாளி ஆபரேஷன் அறையை விட்டுப் போகுமுன், துணி, கருவி, ஊசி ஆகியவற்றின் எண்ணிக்கையை நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று 2008-ல் உலக சுகாதார நிறுவனம் வழி காட்டியது. எக்ஸ்ரேயில் தெரியும் இழை சேர்த்த துணியும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் உடனே படம் எடுத்துப் பார்க்கலாம்.

சலவைக்குப் போடும் துணியை நாம் எண்ணிப் போடுகிறோம், எண்ணி வாங்குகிறோம். மனித வயிற்றில் வைக்கும் துணிக்கு அந்தக் கவனம் வேண்டாமா?

நம் பங்கும் உண்டு. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு வலியோ கட்டியோ வந்தால், பழைய ஆபரேஷனைப் பற்றி டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டாக்டரும் அதைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "ஒரு துணி குறைகிறது, டாக்டர்" என்று ஒரு நர்ஸ் சொன்னால், எவ்வளவு பெரிய டாக்டரானாலும் தையலை நிறுத்த வேண்டும். அப்படிச் சொல்ல அந்த நர்ஸ் பயப்படாத ஆஸ்பத்திரியே நல்ல ஆஸ்பத்திரி!