பழைய வில்லீஸ் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-5 வேண்டாம்

ஓபியில தினமும் கேக்குற கேள்வி: "சார், இதைவிட பவரான மாத்திரை இல்லையா?" ரெண்டாம் உலகப்போர் ஜீப் வச்சிருக்கவங்க இதையேதான் ஆயில் கடையில கேக்குறாங்க. அதான் இந்த த்ரெட். (டாக்டருக்கு ஏன் இந்த வேலைன்னு கேக்காதீங்க. டூட்டி முடிஞ்சா என் கையில கிரீஸ்தான்.)

வில்லீஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ. பேருதான் வேற, டிசைன் ஒண்ணு. போர்க்காலத்துல 6 லட்சத்துக்கும் மேல தயாராச்சு. இன்னிக்கு மிச்சம் இருக்கிறதுல பாதி தொல்லை கியர்பாக்ஸ்ல ஊத்துற ஆயிலாலதான்னு எனக்குத் தோணுது.

ஜிஎல்-4ஐ விட ஜிஎல்-5 நம்பர் பெருசு, அதனால உசத்தின்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லைங்க. ஜிஎல்-5 ஆக்சில்ல இருக்கிற ஹைபாய்டு கியருக்காக வந்தது. அங்க பல்லு மேல பல்லு வழுக்கிக்கிட்டே அழுத்தும். அதைத் தாங்க கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானத்தை ஏறக்குறைய ரெண்டு மடங்கு போடுறாங்க. சூடு ஏறும்போது அந்தக் கந்தகம் பித்தளை, வெண்கலத்தை அரிக்கும். வில்லீஸ் கியர்பாக்ஸ்ல ரெண்டாவது, மூணாவது கியருக்கு சின்க்ரோ வளையம் அந்த மாதிரி உலோகம். உடனே ஒண்ணும் தெரியாது, சர்க்கரை நோய் கிட்னியைத் தின்னுற மாதிரி. கியர் கரகரன்னு விழ ஆரம்பிக்கும்போது வளையம் போயிருக்கும்.

பித்தளைக்குப் பாதுகாப்புன்னு சொல்லி விக்கிற ஜிஎல்-5 உண்டு. கிடைக்காத பார்ட்ஸ் வச்சு நான் அந்தச் சோதனை பண்ண மாட்டேன். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 90 கிரேடு ஜிஎல்-4. ஆக்சிலுக்கு ஜிஎல்-5 தாராளமா. ஒரே வண்டிக்கு ரெண்டு டப்பா, அவ்ளோதான்.

இஞ்சினுக்கு 1944 ராணுவக் கையேடு டிஎம் 9-803 சொல்றது, உறைநிலைக்கு மேல எஸ்ஏஇ 30. நம்ம வெயிலுக்கு 15டபிள்யூ-40 மினரல் டீசல் ஆயில் போதும். ஃபுல் சிந்தெடிக் ஊத்தினா அந்தக்காலக் கயிறு சீல் வழியா தரையிலதான் நிக்கும். காசு உங்களுது.

"டிடர்ஜென்ட் ஆயில் பழைய இஞ்சினைக் கொன்னுடும்" பாதி உண்மை. பல வருஷமா திறக்காத இஞ்சின்ல ஊத்தினா அடியில படிஞ்ச கசடு கிளம்பிப் போய் ஆயில் வழியை அடைக்கும். சம்ப்பைக் கழட்டி, வலையைக் கழுவிட்டு ஊத்துங்க. முதல் ரெண்டு ஆயிலைச் சீக்கிரமே மாத்திடுங்க.

பிரேக் ஆயில் தனிக் கதை. டாட் 5 சிலிக்கான், டாட் 5.1 கிளைகால். பேரு பக்கத்துல பக்கத்துல, ஆனா கலக்கவே கூடாது. முன்னாடி என்ன ஊத்தினாங்கன்னு தெரியாத வண்டியா? முழுசா வடிச்சு, சிலிண்டர் ரப்பர் எல்லாம் மாத்திட்டு அப்புறம் ரோட்டுக்கு எடுங்க.